நப்ரீஸ் பொய் சொல்லமாட்டான்

பையைக் கழற்றச் சொல்லி சிப்பாய் கையைக் காட்டினான். நப்ரீஸ் கழற்றவில்லை. நெஞ்சோடு இன்னும் இறுக்கிக்கொண்டான்.

தெமோதரைக்கு இப்பால் பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தாடி வைத்த ஆம்பிளை, நெஞ்சில் ஒரு பை. சந்தேகப்படுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

பைக்குள் இருந்ததெல்லாம் சோடா மூடிகள். பாழாய்ப்போன மூடிகள்!

பின்னால் நின்ற ஸல்மா எட்டிப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? மகனை யாரும் தொடக்கூடாது. தொட்டால் அலறுவான். அதனால்தான் முகத்தில் கத்தி படாமல் அந்தத் தாடியும் வளர்ந்தது. டாக்டர் அவன் நிலைமைக்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். பண்டாரவளைக் கடைத்தெருவில் அவன் வெறும் லூசு.

மருந்து தீர்ந்துவிட்டது. பதுளை கிளினிக்குக்குப் போகாமல் முடியாது. இல்லாவிட்டால் இந்த நேரத்தில் இவனை யார் வெளியே கொண்டுவருவார்கள்?

காலையில் நப்ரீஸின் வாப்பா ஜௌபர் பஸ்ஸில் ஏற்றிவிட்டதிலிருந்து அவன் ஸல்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் உட்காரவுமில்லை. தனியாக முன்சீட்டில் போய் இருந்துகொண்டான். ஏதோ கோபம், பதுளை போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

சிப்பாய் அவன் தோளைப் பிடித்தான்.

அவ்வளவுதான். நப்ரீஸ் போட்ட கூச்சலில் வரிசை மொத்தமும் பின்வாங்கியது. இன்னும் இரண்டு சிப்பாய்கள் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"ஐயோ, அடிச்சிராதீங்க! என்ட மகன்! அவருக்கு ஒண்டும் விளங்காது!"

ஸல்மா குறுக்கே விழுந்தாள். பட்ட காலிலேயே படும் என்பார்கள். இருக்கிறது ஒரே பிள்ளை, அதுவும் இப்படி. யா அல்லாஹ், இவனையாவது விட்டுவிடு.

மூத்த சிப்பாய்க்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். நல்ல மனுசன்தான். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் பேசுவதுபோல் மெதுவாகக் கேட்டான்.

"தம்பி, இது ஒங்கட அம்மாவா?"

நப்ரீஸின் கூச்சல் நின்றது. அன்றைக்கு முதல்தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். மேலிருந்து கீழாக, நன்றாகப் பார்த்தான். ஸல்மாவுக்கு உயிர் வந்தது. பொய் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையல்லவா!

"இல்ல" என்றான். "என்ட உம்மா முக்காடு போடுவா. பொட்டு வைக்கமாட்டா."

வரிசையில் நின்ற எல்லார் கண்ணும் அவள் நெற்றிக்குப் போனது.

அடுத்த கடைக் கலாராணிதான் விடிய வந்து, தன் சேலையைக் கட்டிவிட்டு, ஒரு பொட்டையும் ஒட்டிவிட்டாள். முக்காட்டோடு போனால் பஸ்ஸில் படாத பாடு படுவாய் அக்கா என்று அழுதேவிட்டாள். மகனை மாற்ற முடியாது. அதனால் ஸல்மா தன்னை மாற்றிக்கொண்டாள்.

மூத்த சிப்பாயின் முகம் மாறியது. கையை நீட்டி அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டான். பெயரை ஒருதரம் வாசித்தான். நெற்றியைப் பார்த்தான். மறுபடி வாசித்தான்.

பைக்குள் வெறும் மூடிகள்தான் என்று எட்டிப் பார்த்துவிட்டு நப்ரீஸை விட்டுவிட்டார்கள். அவளைத்தான் ரோட்டோரக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள்.

அவன் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்து, உம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.