நாலாயிரம் வாசகர்கள்

"என் கட்டுரைக்கு இணைப்புக் கொடுக்க உமக்கு யாரு வே அனுமதி தந்தது?"

பாளையங்கோட்டையில் கிறிஸ்தவச் சபையின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கிங்ஸ்லியின் கம்ப்யூட்டர் கடைக்குள், ஓய்வுபெற்ற பேராசிரியர் பாக்கியசீலன் நீதிபதியைப் போல நுழைந்தார்.

"நான் ஒரு வரிகூட எடுக்கலியே சார். தொட்டா உங்க பக்கத்துக்குத்தானே போகுது?"

"அதுவும் பதிப்புரிமைத் திருட்டுதான். வக்கீல் நோட்டீஸ் வரும்."

"வழி சொல்லுதவன் திருடன்னா, ஜங்ஷன்ல பஸ் எங்கன நிக்கும்னு கேட்டா ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான் சார்."

"ஸ்ரீவைகுண்டம் அணை மதகுகளைப் பத்தி நான் எழுதினதை ஒரே வாரத்துல நாலாயிரம் பேரு படிச்சிருக்காங்க. அவ்வளவும் என் எழுத்துக்கு வந்த கூட்டம். அதுல நீரு பேர் வாங்கப் பாக்குதீரு."

கிங்ஸ்லி தலையைச் சொறிந்தான். "இப்பவே எடுத்துருதேன் சார். அது தப்பா விழுந்த இணைப்பு."

"தப்புன்னா?"

"சபை விருந்துக்கு 'அசனச் சாப்பாடு எத்தனை மணிக்கு?'ன்னு போட்டு, கோயில் அறிவிப்பை இணைக்கப் போனேன். நீங்க வாட்ஸப்ல அனுப்புன கட்டுரை கை தவறி அங்கன விழுந்துட்டு. சோறு எப்பன்னு பார்க்க வந்த சனமெல்லாம் மதகுல போய் முட்டிட்டு, என்னைய ஃபோன்ல ஏசுது."

பாக்கியசீலன் இதற்கு முன் எழுதிய கட்டுரையை அவர் மனைவி லில்லி மட்டும்தான் படித்திருந்தார், அதுவும் பிழை திருத்த.

கிங்ஸ்லி இணைப்பை நீக்கக் கை நீட்டினான்.

"பைய வே," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் பேராசிரியர். "அடுத்த அசனம் எந்தச் சபையில?"