கம்பி இறுகினால் டீ

கடைசிக் கம்பியை முறுக்கும்போதே சர்ஜன் டீ சொல்லச் சொன்னார்.

அந்த ஆபரேஷன் தியேட்டரின் வழக்கம் அது. அறுத்த நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டும் கம்பி இறுகிவிட்டால் சர்ஜனின் வேலை முடிந்த மாதிரி. மேலே தோலைத் தைக்க ஜூனியர் போதும்.

இத்தனை வருடத்தில் ஒரு நெஞ்சைக்கூட அவர் திறந்தபடி வெளியே அனுப்பியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

மேஜையில் ஜெசிந்தா. சுருங்கிப்போன இதய வால்வோடு, மூச்சிரைக்க மூச்சிரைக்க மணப்பாட்டில் மீன்கூடை சுமந்தவள். புது வால்வு அழகாக உட்கார்ந்துவிட்டது. நல்லபடியாக முடிந்ததென்று வெளியே அவள் புருஷனுக்குச் சொல்லியும் அனுப்பியாயிற்று.

கம்பி இறுகியது.

ரத்த அழுத்தம் சரிந்தது.

"பாட்டில் ஏத்துங்க," என்றார். அழுத்தம் விழுந்தால் யார் வாயிலும் முதலில் வருவது அதுதான்.

தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டர் மெஹருன்னிசா ஏற்றவில்லை. ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்தினார்.

"சார், கம்பிய விடுங்க. இதயத்துக்கு இடம் பத்தல."

எரிச்சலோடுதான் தளர்த்தினார். அழுத்தம் ஏறியது. விடாமல் மறுபடி இறுக்கிப் பார்த்தார். மறுபடி சரிந்தது.

அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் இதயத்தின் வலப்பக்கம் ஊதிக் கிடந்தது. அடைபட்ட வால்வுக்கு எதிராக வருடக்கணக்கில் தள்ளித் தள்ளிக் களைத்த பக்கம். வால்வு இருப்பது இடப்பக்கம். அவர் கவனமெல்லாம் அங்கேயே இருந்துவிட்டது.

இன்னொரு பாட்டில் ஏறியிருந்தால் அது இன்னும் ஊதி, ஜெசிந்தா அவ்வளவுதான்.

மெஹருன்னிசா திரையைப் பார்க்கவில்லை. மறைப்புத் துணிக்கு மேலாக எட்டி இதயத்தையே பார்த்தார். நுரையீரலின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தை மூச்சுக்காற்றில் கலந்தார். குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்டினார், குறைத்தார். குரல் மட்டும் உயரவே இல்லை.

என்ன மனுஷி இவர் என்று சர்ஜனுக்குத் தோன்றியது.

கம்பிகளை வெட்டி எடுத்தார். திறந்த நெஞ்சின் மேல் மெல்லிய உறையை ஒட்டி மூடினார்.

வெளியே போய், அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், இன்னும் முடியவில்லை என்று ஜெசிந்தாவின் புருஷனிடம் அவரே சொன்னார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் மெஹருன்னிசா அவள் கட்டிலை விட்டு அதிகம் நகரவில்லை. உடம்பில் தேங்கிய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினார். வீக்கம் வடிந்தது.

மறுபடி தியேட்டர். மறுபடி கம்பி. கடைசி முறுக்கு.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அவர் மெஹருன்னிசாவின் முகத்தைப் பார்த்தார்.

அழுத்தம் நின்றது. அசையாமல் நின்றது.

வாசலில் நின்ற ஆயா வழக்கம்போல, டீ சொல்லட்டுமா என்று அவரைப் பார்த்தாள்.

அவர் தலைமாட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

ஆயா அந்தப் பக்கம் திரும்பினாள்.

மெஹருன்னிசா இன்னும் சற்று நேரம் திரையில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்குச் சர்க்கரை கம்மியா."