கேட்கக் கூடாத கேள்வி

பெரம்பலூர் ஸ்கேன் சென்டர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: டாக்டர் சத்யா, ஏழு மாதக் கர்ப்பிணி ஜோதி, அவள் புருஷன் வீரமணி.

"எம்.ஆர்.ஐ.யில தெளிவாத் தெரியுதும்மா. குழந்தைக்கு மூளை சரியா வளரலை. பொறந்து வளர்ந்தாலும் எதுவும் புரியாது."

ஜோதி அழவில்லை. "ஆணா பொண்ணாங்க மேடம்?"

"சொன்னா நான் ஜெயிலுக்குப் போகணும். இந்த நெலமையிலயும் ஆம்பளப் புள்ள கேக்குதா உனக்கு?"

"பொண்ணு இல்லன்னு மட்டுமாவது சொல்லுங்க!"

"எந்திரிச்சுப் போம்மா."

இருவரும் செந்துறைக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் பருத்தி எடுக்கக் கிளம்புமுன், ஜோதி மூத்த மகளுக்குச் சோறூட்டி வாயைத் துடைத்தாள். அவளுக்கும் இதே மூளைதான். பதினான்கு வயது. போன மாதம்தான் வயதுக்கு வந்தாள். யார் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே பின்னால் போய்விடுவாள்.

ஜோதி அவளை உள்ளே விட்டு, கதவைச் சாத்திப் பூட்டினாள்.