போர்டில் எழுதிய தப்பு

"அந்தக் கணக்கு டீச்சரை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க மேடம். போர்டுல தப்புத் தப்பாக் கணக்குப் போடறாங்களாம். கிளாஸே சிரிக்குதாம்."

பெற்றோர் சங்கச் செயலாளர் உட்காரக்கூட இல்லை. மகளின் தோழி சொன்னது காதில் விழுந்ததுமே மகளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். வழியெல்லாம் அவள் "வேண்டாம்ப்பா" என்று கெஞ்சினாள். ஊருக்கு உழைப்பவருக்கு வீட்டுப் பேச்சு எங்கே காதில் ஏறும்?

"ஆனைக்கும் அடி சறுக்கும் சார்" என்றார் தலைமையாசிரியை.

"ஒருநாள் சறுக்கினா ஆனை. தினமும் சறுக்கினா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

டீச்சர் வந்தார். வேலைக்குப் புதுசு. அவரை நிரந்தரமாக்கலாமா என்று அடுத்த வாரம் சங்கம் சொல்லவேண்டும். சங்கம் என்றால் செயலாளர்தான்.

"தப்பாப் போட்டீங்களா?" தலைமையாசிரியை கேட்டார்.

"போட்டேன் மேடம்."

"ஏன்?"

டீச்சர் செயலாளரின் மகளை ஒருமுறை பார்த்தார்.

"பாத்தீங்களா, வாயே திறக்கலை. சரக்கு இருந்தாத்தானே வரும்? வேலியே பயிரை மேயுது மேடம். இவங்க வேலைக்கு என் கையெழுத்து கிடையாது."

தலைமையாசிரியைக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. "என்ன தப்புன்னு இங்கே சுவத்துல இருக்கற போர்டுல எழுதிக் காட்டுங்க. நானும் பாக்கறேன்."

டீச்சர் தயங்கித் தயங்கி எழுதினார்.

√50 = உத்தேசமாக 25

(x + 3)(x + 3) = x² + 9

செயலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தரமும் படித்தார்.

"இதுல என்ன தப்பு? சரியாத்தானே இருக்கு. நாலுக்கு வர்க்கமூலம் ரெண்டு, பாதி. அப்ப ஐம்பதுக்கு இருபத்தஞ்சு. என் பொண்ணுக்கு நானே இப்படித்தான் சொல்லிக்குடுக்கறேன். அவ வேற என்னமோ எழுதியிருந்தா அழிச்சிட்டு மாத்தி எழுதச் சொல்றேன்."



"ஏழேழு நாப்பத்தொன்பது சார்" என்றார் தலைமையாசிரியை மெதுவாக. "ஐம்பதுக்கு ஏழு சொச்சம்தான் வரும். கீழ்க் கணக்குல நடுவுல 6x வரணும். அது எங்கே?"

செயலாளர் மகளைப் பார்த்தார். அவள் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நம்ம வீட்டுக்கணக்கைத்தான்பா மிஸ் தன்னோட தப்பு மாதிரி போர்டுல போட்டுத் திருத்தறாங்க. கிளாஸ் என்னைப் பாத்து சிரிக்கக் கூடாதுன்னு. வீட்டுல யார் சொல்லிக்குடுக்கறாங்கன்னு ஒருநாள் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"யாருமே இல்லைன்னு சொல்லிட்டேன். உங்களைப் பாத்து அவங்க சிரிக்கக் கூடாதுல்ல?"