மூன்றாம் நபர்

போலீஸ் கேட்டால் காட்டத்தானே என்று தணிகைவேல் பைக்குக்கு எப்போதும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டுமே போடுவான். குறுக்கே ஓடிய நாய்க்காக பிரேக் அடித்ததில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி குமுதா விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்த பிறகுதான் ஏஜென்டிடம் விவரம் கேட்டான். "பின்னாடி உக்கார்றவங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாதுங்க. தேர்ட் பார்ட்டின்னா ரோட்டுல போற யாரோ ஒருத்தர். உங்க வீட்டுக்காரம்மா நடந்து போயி, நீங்க இடிச்சிருந்தா கிடைச்சிருக்கும்" என்றார் அவர். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அதை அப்படியே குமுதாவிடம் ஒப்பித்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "போலீஸ்ல இருந்து விசாரிக்க இன்னும் யாரும் வரலை" என்றான். அவள் பள்ளிக்கூடத்துப் பாடம் போல, "நான் பாட்டுக்கு ஓரமா நடந்து போயிட்டிருந்தேன் சார். பைக் வந்து இடிச்சிருச்சு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "ஓட்டினவர் யாருன்னு கேட்டா என்னங்க சொல்றது?" எக்ஸ்ரேவுக்காகக் கழற்றித் தந்த அவள் தாலி அவன் சட்டைப்பையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் கையை விட்டிருந்தான். கையை வெளியே எடுக்கவில்லை.