சட்டை கழற்றாதவன்

“சட்டையக் கழட்டு. இல்லாட்டி சாமியத் தொடாத!”

கோயில் தலைவர் சிவலிங்கம் போட்ட சத்தத்தில் மேளமே நின்றுவிட்டது. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சாமி தூக்கும் ஆண்கள் வெற்று மார்போடுதான் நிற்க வேண்டும். ஜீவராஜ் மட்டும் கழுத்துவரை பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றான்.

கொழும்பில் வேலை என்று போய், ஐந்து மாதம் கழித்துத் திரும்பியவன் அவன். வந்த நாளிலிருந்து பீலித் தண்ணீரில் குளிக்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றுவதில்லை. லயத்து வீட்டு ஆட்களுக்கு வம்பளக்க இது போதாதா?

“கொழும்புல எவ பேரையோ நெஞ்சுல பச்ச குத்திட்டு வந்திருக்கான்” என்றான் சாமி தூக்க நின்ற திவாகரன். எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் நின்ற ஜீவராஜின் மனைவி ரஜனி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நேர்த்தி வச்சிருக்கேன் தலைவரே. இந்த ஒரு தடவ சட்டையோட தூக்கிக்கிறேன்” என்று ஜீவராஜ் கெஞ்சினான்.

“ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா?” கையை வீசிப் பேசியதில் தோளிலிருந்து நழுவிய பட்டுச் சால்வையை சிவலிங்கம் இழுத்துப் போர்த்திக்கொண்டார். போன திருவிழா வரை அது அவர் இடுப்பில்தான் இருக்கும். தலைவரானதும் மேலே ஏறிவிட்டது என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

ரஜனிக்குப் பொறுக்கவில்லை. “கழட்டுங்க. நாம என்ன களவா எடுத்தோம்?” என்றாள்.

ஜீவராஜ் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான்.

இடது மார்பு இருந்த இடத்தில் சதையும் இல்லை, காம்பும் இல்லை. அக்குள்வரை ஓடிய நீளத் தழும்புதான் இருந்தது.

“மார்ல கேன்சர். வேலைக்குப் போகல, ஆஸ்பத்திரியிலதான் கெடந்தேன்” என்றான் தரையைப் பார்த்தபடி. “கிளினிக்ல அத்தன பொம்பளைங்க வரிசையில நான் ஒருத்தன் ஒக்காந்திருந்தேன். அத எப்புடிங்க வெளிய சொல்றது?”

“ஆம்பளைக்குமா?” என்று யாரோ கேட்டார்கள். பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். ஜீவராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. பச்சை குத்தினவன் என்ற பேரே தேவலாம் போலிருந்தது.

சிவலிங்கம் மட்டும் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. “நீ என்னோட வா” என்று கையைப் பிடித்து அவனைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

குறைப்பட்ட உடம்போடு சாமி தூக்கக் கூடாது என்று சொல்லப்போகிறார், வேறென்ன? உயிர் பிழைத்ததற்கு வைத்த நேர்த்தி அதோடு போயிற்று. ஜீவராஜ் கும்பிட்டான்.

“வேணாம்னு மட்டும் சொல்லிறாதீங்க தலைவரே…”

சிவலிங்கம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு சால்வையை விலக்கி, ஜீவராஜின் விரலைப் பிடித்துத் தன் மார்பில் கல்லாய்க் கட்டியிருந்த ஓரிடத்தில் வைத்து அழுத்தினார்.

“ஒனக்கும் மொதல்ல இப்புடித்தான் இருந்திச்சா?”