ஒரே எண், இரண்டு கையெழுத்து

ஞாயிறு பூசையிலிருந்து திரும்பியதும் பெனிட்டா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, பழைய கேலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வளைகோடு வரைந்தாள்.

மறுநாள் பெங்களூர் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் நேர்காணல். கிரிப்டோ நாணயத்தில் கையெழுத்து எப்படி வேலை செய்கிறது என்பதைக் கணக்குத் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்ல வேண்டுமாம்.

கணக்குத் தெரியாதவராக அம்மா கிரேசி கிடைத்தாள். மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வளைகோட்டின் மேல் இரண்டு புள்ளி. சேர்த்து நேர்கோடு இழுத்தால் அது வளைவை மூன்றாவதாக ஓரிடத்தில் வெட்டும். அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் புதுப் புள்ளி. இப்படியே தாவித் தாவிப் போகலாம். போய்ச் சேர்ந்த இடம் ஊருக்கே தெரியும். எத்தனை தாவல் என்பது தாவியவருக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் ரகசியச் சாவி.

"அச்சா" என்றாள் அம்மா.

பெனிட்டாவிடமும் ஒரு ரகசியம் இருந்தது. சௌல்தாரி ஊர்க்காரன் அருண்பிரசாத். சேர்ந்து படிக்கப்போய் வந்த வினை. கோவிலுக்குப் போகிற வீட்டுப் பையன். வேலை கிடைக்கும்வரை மூச்சு விடக் கூடாது. அப்பா ஜேசுதாசன் காதில் விழுந்தால் நேர்காணலாவது ஒன்றாவது, அடுத்த கப்பலிலேயே தீவை விட்டு மெயின்லேண்டுக்கு, அத்தை வீட்டுக்கு ஏற்றிவிடுவார்.

"அப்போ அந்தச் சாவிய யாராலயும் கண்டுபிடிக்க முடியாதாட்டி?"

"ஒரு மடத்தனம் பண்ணாம இருந்தா முடியாதும்மா."

ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாக ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்க வேண்டும். ஒரே எண்ணை இரண்டு கையெழுத்துக்குப் போட்டால் தீர்ந்தது. இரண்டையும் அருகருகே வைத்துக் கழித்தால் போதும், சாவி தானே வெளியே வந்து விழும்.

"இம்புட்டுப் படிச்சவங்க எதுக்கு ஒரே நம்பரப் போடுதாங்க?"

"சோம்பேறித்தனம்தான்" என்று சிரித்தாள் பெனிட்டா.

அம்மாவும் சிரித்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"வியாழக்கிழமை நெட் இல்லன்னு படிக்கதுக்குப் பெரார்கஞ்ச் போனேல்லா? எனக்குப் பக்கத்துக் கவுண்டர் மரகதம் மவனும் அன்னைக்கு நெட் இல்லன்னு படிக்கதுக்குப் பெரார்கஞ்ச்தான் போயிருக்கான். எங்க டிக்கெட் ஆபீஸ்ல அன்னைக்கு நெட் ஜம்முன்னு ஓடிச்சு. நானும் அவளும் மத்தியானம் சோறு திங்கும்போது கழிச்சுப் பாத்தோம்."

அருணின் அம்மாவுக்கும் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில்தான் வேலை என்று பெனிட்டாவுக்குத் தெரியும். எந்தக் கவுண்டர் என்று கேட்கத் தோன்றியதில்லை.

கையிலிருந்த பென்சில் உருண்டு அடுப்பு மேடைக்கு அடியில் போனது.

"அப்பாவுக்கு...?"

"மரகதம் வீட்டு ஆளுவள எல்லாம் சாப்பிடக் கூட்டிட்டு வர அவருதான் சௌல்தாரிக்கு வண்டி எடுத்துட்டுப் போயிருக்காரு. போய் முகத்தக் கழுவு."